துப்புக் கொடுத்தவருக்குப் பணமும் வசவும்

கேள்வி இதுதான்: தேடப்படும் ஆளைப் பற்றித் துப்புக் கொடுத்தால் இத்தனை ஆயிரம் டாலர் பரிசு என்று அமெரிக்கப் போலீஸ் அறிவிக்கிறதே, அந்தப் பணத்தை யாராவது உண்மையில் கையில் வாங்கியிருக்கிறார்களா? நியூயார்க் கொலை வழக்கில் துப்புக் கொடுத்த உணவக ஊழியரை அந்நாட்டு மக்களே ஏன் அப்படித் திட்டித் தீர்த்தார்கள்?

முதல் பாதிக்கு விடை சுலபம். வாங்கியிருக்கிறார்கள். 20 லட்சம் டாலர் வாங்கியவர் உண்டு. சதாம் உசேனின் இரண்டு மகன்கள் 2003 ஜூலையில் மோசுல் நகரில் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள் என்று சொன்னவருக்கு மூன்று கோடி டாலர் கொடுத்தார்கள். ஆனால் அறிவிப்பில் கண்ட தொகை முழுவதும், அதை நம்பிப் போன் செய்த ஆளுக்கே, அவர் எதிர்பார்த்த வேகத்தில் கிடைப்பது அபூர்வம். இரண்டாம் பாதிதான் சுவாரஸ்யமானது. அதற்கு அந்த வழக்கை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

2024 டிசம்பர் 4 அதிகாலை, மன்ஹாட்டனில் ஒரு ஹில்டன் ஓட்டல் வாசலில் பிரையன் தாம்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான யுனைடெட்ஹெல்த்கேரின் தலைமை நிர்வாகி அவர். அன்றைய முதலீட்டாளர் கூட்டத்துக்காக நடந்து வந்துகொண்டிருந்தார். சுட்டவன் தப்பிவிட்டான். நியூயார்க் போலீஸ் தரப்பில் 10,000 டாலர் வரை, மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தரப்பில் 50,000 டாலர் வரை பரிசு என்று அறிவிப்பு வந்தது. ஐந்தாம் நாள், டிசம்பர் 9 காலை, பென்சில்வேனியா மாநிலத்தின் ஆல்டூனா என்ற சிறிய ஊரில், மெக்டொனால்ட்ஸ் கடையின் பின்பக்கத்து மேசையில் முகக்கவசமும் குல்லாவும் அணிந்து, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர்கள் சிலர் அவரைக் கவனித்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்ள, கடையிலிருந்து 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்புப் போனது. நியூயார்க்கில் சுட்டவன் போலிருக்கிறான், புருவம் மட்டும்தான் வெளியே தெரிகிறது என்பதுதான் அந்த அழைப்பின் சாரம்.

போலீசாரே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆளைப் பிடித்துவிட்டால் சாண்ட்விச் வாங்கித் தருகிறேன் என்று மேலதிகாரி ஒருவர் வேடிக்கையாகச் செய்தி அனுப்பியிருந்தது பிற்பாடு நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. அறுபதாயிரம் டாலருக்குத் தேடப்படும் ஆளுக்கு ஆல்டூனா வைத்த விலை ஒரு சாண்ட்விச்! முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னதும் போலீஸ்காரர் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார். அண்மையில் நியூயார்க் போயிருந்தீர்களா என்று கேட்டபோது எதிரே இருந்தவர் பேச்சற்றுப்போய் நடுங்கத் தொடங்கினார் என்கிறது போலீஸ் பதிவு. கைதானவர் லூயிஜி மான்ஜியோனி. தாம் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த சில மணி நேரத்தில் அந்தக் கடையைப் பற்றிய இணைய மதிப்புரைகளில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. சமையலறையில் எலிகள் ஓடுகின்றன, கடையே எலிக்கூடு என்று நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். காட்டிக்கொடுப்பவனை எலி என்பது அங்கே வழக்கம். நாம் எட்டப்பன் என்போம். கூகுள் அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. ஆல்டூனா போலீசுக்கு மிரட்டல்கள் வந்தன. கூடவே இன்னொரு வகைப் பேச்சும் கிளம்பியது: அந்த ஊழியருக்குப் பைசா கிடைக்காது பாருங்கள்.

வசவைவிட இந்த இரண்டாவது பேச்சைத்தான் நான் கவனமாகப் பார்க்கிறேன். அதன் நகைச்சுவை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். "உங்கள் பரிசுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. போன் செய்வதற்கு முன் அனுமதி பெறவில்லை", "நீங்கள் அழைத்த எண் எங்கள் நெட்வொர்க்கில் இல்லை" என்ற பாணியில் ஆயிரக்கணக்கானோர் கேலி செய்தார்கள். காப்பீட்டு நிறுவனம் நோயாளிக்கு அனுப்பும் கடிதத்தின் வாசகங்கள் இவை. கேஷ்லெஸ் என்று நம்பி மருத்துவமனையில் சேர்ந்து, டிஸ்சார்ஜ் நாளன்று காப்பீட்டு மேசைக்கு முன்னால் காத்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொலை நடந்த இடத்தில் கிடந்த தோட்டா உறைகளில்கூட, காப்பீட்டுக் கோரிக்கைகளைத் தட்டிக்கழிக்கும் விதத்தைக் குறிக்கும் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. ஆக, பரிசுப் பணத்தைப் பற்றிய கேலியும் காப்பீட்டைப் பற்றிய கோபமும் ஒரே வாயிலிருந்து வந்தவை. "பணம் வராது" என்று அந்த ஊழியரைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர், "நீ சொல்லியிருக்கவே கூடாது" என்பதைத்தான் சுற்றிவளைத்துச் சொன்னார்கள் என்பது என் கணிப்பு. கொலையை நேரடியாக ஆதரித்துப் பேசக் கூச்சமாக இருப்பவர்களுக்கு நிபந்தனைகளைப் பற்றிப் பேசுவது வசதி.

ஆனால் கேலிக்குள் உண்மையும் இருந்தது. நிபந்தனைகள் நிஜமாகவே உண்டு.

முதலாவது, "வரை" என்ற சொல். 50,000 டாலர் வரை என்றால் 500 டாலர் கொடுத்தாலும் அறிவிப்பு பொய்யாகாது. இரண்டாவது, எஃப்.பி.ஐ. அறிவிப்பு கைதோடு நிற்கவில்லை. கைதுக்கும் தண்டனைக்கும் வழிவகுக்கும் தகவல் என்றுதான் இருந்தது. வழக்கு முடிந்து தண்டனை வர ஆண்டுகள் ஆகும், வராமலும் போகலாம். மூன்றாவது, யாரிடம் சொன்னீர்கள் என்பது. நியூயார்க் போலீஸ் தரப்புப் பரிசு கிரைம் ஸ்டாப்பர்ஸ் என்ற தனி ஏற்பாட்டின் வழியே வருவது. அதற்கென்று தனித் தொலைபேசி எண் உண்டு. அதில் அழைத்தால் உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள். ஒரு அடையாள எண் தருவார்கள். பிறகு அந்த எண்ணைச் சொல்லித்தான் பரிசைக் கோர வேண்டும். ஆல்டூனாவில் அழைத்ததோ 911-ஐ. மத்திய அரசுப் பரிசுகளில் இன்னொரு படி கூடுதல். துப்புக் கொடுத்தவர் தாமே விண்ணப்பித்து வாங்க முடியாது, விசாரித்த அமைப்பு அவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கைதான அன்றே செய்தி ஊடகங்கள் இதையெல்லாம் வரிசையாக எழுதியபோது, வாயில் நுழையும்போதே கதவைச் சாத்துகிறார்கள் என்று மக்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

பென்சில்வேனியாவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலியில் முழுநேரம் உழைப்பவர் 60,000 டாலரைப் பார்க்க நான்கு ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். கூலித் தொழிலாளியே இன்னொருவனைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு பக்கம். இத்தனை சிறிய கூலிக்கு உழைப்பவரைப் பணத்தாசை பிடித்தவர் என்கிறீர்களே, நீங்கள் யார் என்று மறுபக்கம். எனக்கு இரண்டாவது பக்கம் நியாயமாகப் படுகிறது. அதைவிட முக்கியமாக, கொலை செய்தவனாக இருக்கலாம் என்று தோன்றும் ஆள், பையோடு, நாலு பேர் சாப்பிடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். போனை எடுக்கும் கைக்குப் பரிசுத் தொகை நினைவில் இருந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

நினைவில் இருந்ததா இல்லையா என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் பெரிய விலை உண்டு. சட்டக் கல்லூரியில் முதலாண்டு படித்தவர்கள் எல்லோருக்கும் லால்மன் சுக்லா வழக்கு தெரியும். 1913-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கான்பூரில் கௌரி தத் என்பவர் காணாமல் போன தம் உடன்பிறந்தவரின் மகனைத் தேடி வரச் சொல்லித் தம் ஊழியர் லால்மன் சுக்லாவை ஹரித்துவாருக்கு அனுப்பினார். ஆள் கிளம்பிப் போன பிறகு, கண்டுபிடித்துத் தருபவருக்கு 501 ரூபாய் என்று துண்டறிக்கை அச்சடித்தார். ஊழியர் பையனைக் கண்டுபிடித்தார். அறிவிப்பு பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. வழக்குப் போட்டுத் தோற்றார். முன்மொழிவே தெரியாதவர் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது, தேடுவது ஏற்கெனவே அவர் வேலையும்கூட என்றது நீதிமன்றம். தப்பியோடிய குற்றவாளி பற்றிய வழக்கு இல்லைதான். ஆனால் பரிசு அறிவிப்பு என்பது ஒரு ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு, அதன் ஒவ்வொரு சொல்லும் கணக்கில் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

அந்தச் சொற்கள் பொதுமக்களை எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸில் 2013-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிறிஸ்டோபர் டோர்னர் அந்நகரப் போலீஸிலிருந்து நீக்கப்பட்டவர். சக அதிகாரி ஒருவர் கைதியை உதைத்ததைப் புகார் செய்ததற்காகத்தான் தம்மை நீக்கினார்கள் என்று நீண்ட அறிக்கை எழுதி வைத்துவிட்டு, அதிகாரிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் குறிவைத்தார். பிப்ரவரியில் சில நாட்களுக்குள் நான்கு பேர் இறந்தார்கள். மேயர் அன்டோனியோ வில்லாரைகோசா பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார். நகரங்கள், சங்கங்கள், நிறுவனங்கள் எனப் பலரும் பணம் போட்ட பொது உண்டியல் அது.

தேடும் பரபரப்பில் போலீஸ் செய்த காரியம் ஒன்று மக்கள் மனநிலையைத் திருப்பிவிட்டது. டாரன்ஸ் என்ற பகுதியில் விடியற்காலையில் பிக்கப் வண்டியில் செய்தித்தாள் போட்டுக்கொண்டிருந்த தாய், மகள் இருவர் மீது, டோர்னரின் வண்டி என்று நினைத்து, நூறு குண்டுகளுக்கு மேல் சுட்டார்கள். இருவரும் பிழைத்தது அதிசயம். நகர நிர்வாகம் பிறகு அவர்களுக்கு 42 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. கொலையாளியைப் பிடிக்க வைத்த பரிசைப்போல நான்கு மடங்கு. டோர்னருக்கு ஆதரவான பேச்சுகள் அப்போது வெளிப்படையாகவே கிளம்பின. பரிசைப் பற்றிய பேச்சிலும் ஏளனம் ஏறியது.

பிப்ரவரி 12 அன்று பிக் பேர் மலைப்பகுதியில் ஒரு தம்பதியைக் கட்டிப்போட்டுவிட்டு அவர்கள் காரில் டோர்னர் கிளம்பினார். அவர்கள் கட்டை அவிழ்த்துக்கொண்டு 911-ஐ அழைத்தார்கள். வழியில் டோர்னர் அந்தக் காரைக் கைவிட்டு, இன்னொருவரைத் துப்பாக்கி முனையில் இறக்கிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டார். அவரும் உடனே தகவல் சொன்னார். மாலைக்குள் ஒரு மரவீட்டில் போலீசார் சூழ்ந்துகொள்ள, வீடு பற்றி எரிய, டோர்னர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிரிழந்தார்.

இப்போது பணம். அறிவிப்பில் "பிடிபட்டுத் தண்டிக்கப்பட" என்று இருந்ததே, இறந்தவனைத் தண்டிக்க முடியாதே என்று உண்டியலில் பங்கு போட்டவர்களில் சிலர் பின்வாங்கினார்கள். ரிவர்சைடு நகரம் தன் 1,00,000 டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்நகரப் போலீஸ்காரர் ஒருவர் டோர்னரால் கொல்லப்பட்டிருந்தார் என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்தும். ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் குழு பங்கு பிரித்தது: கட்டிப்போடப்பட்ட தம்பதிக்கு 80 சதவீதம், மலைப்பாதையில் எரிந்துகொண்டிருந்த, டோர்னரின் சொந்த வண்டியை முதலில் கண்டவருக்கு 15 சதவீதம், பெட்ரோல் நிலையத்தில் அவரைப் பார்த்துச் சொன்ன இழுவை லாரி ஓட்டுநருக்கு 5 சதவீதம். வண்டியைப் பறிகொடுத்தவருக்கு எதுவுமில்லை. அவர் சொன்ன நேரத்தில் போலீசாருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது காரணம். குழுவின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் "இவர்கள் எப்படியும் கொடுக்க மாட்டார்கள்" என்று பதினொரு ஆண்டு கழித்து ஆல்டூனா விஷயத்தில் மக்கள் சொன்னபோது, அந்தப் பேச்சுக்கு இப்படிப்பட்ட நினைவுகளும் எண்ணெய் ஊற்றின.

துப்புக் கொடுத்தாலே அமெரிக்கர்கள் திட்டுவார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். பாஸ்டன் தாதா வைட்டி பல்ஜர் விஷயம் நேரெதிர். 16 ஆண்டுகள் தலைமறைவு. எதிரிகளையும் தம்மைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லக்கூடியவர்களையும் கொன்ற வழக்குகள் அவர் மேல். அவர் வளர்ந்த தெற்கு பாஸ்டனில் போலீசுக்குத் தகவல் சொல்வது குலத்துரோகம் போல. கடைசியில் பார்த்தால், பல ஆண்டுகள் எஃப்.பி.ஐ.க்கே உளவு சொன்னவராக அரசு ஆவணங்கள் காட்டியது பல்ஜரைத்தான். அப்படிப்பட்டவரை 2011 ஜூனில் சாண்டா மோனிகாவில் காட்டிக்கொடுத்தவர் ஐஸ்லாந்தின் முன்னாள் அழகி ஒருவர், அக்கம்பக்கத்தில் வசித்தவர். தெருவில் அனாதையாக விடப்பட்ட பூனையைப் பல்ஜரும் அவர் துணைவியும் கவனித்துக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர். ஊருக்குப் போயிருந்தபோது தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டு எஃப்.பி.ஐ.க்குச் சொன்னார். 20 லட்சம் டாலர் கிடைத்தது. அவரை யாரும் பெரிதாகத் திட்டவில்லை. அவர் பெயரைப் பாஸ்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டபோது, ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடுகிறீர்களா என்று வசவு வாங்கியது பத்திரிகைதான்.

ஒரே நாடு, ஒரே பரிசு முறை. ஓரிடத்தில் துப்புக் கொடுத்தவரைப் பாதுகாக்க மக்கள் சண்டை போடுகிறார்கள், இன்னோரிடத்தில் அவர் வேலை பார்க்கும் கடையை எலிக்கூடு என்கிறார்கள். பல்ஜரால் பாதிக்கப்பட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தாம்சன் நடத்திய நிறுவனத்தாலோ அதுபோன்ற நிறுவனங்களாலோ தாங்கள் பாதிக்கப்பட்டதாக நினைப்பவர்கள் அந்நாடு முழுக்க இருக்கிறார்கள். வசவு போய் விழுந்தது என்னவோ ஹாஷ் பிரவுன் பொரிக்கும் கடையில். காப்பீட்டு நிறுவனத்தின் வாசலுக்குப் போக வழி தெரியாத கோபம் அது.

பரிசை வாங்கியவர்களில் டேவிட் கசின்ஸ்கியின் நிலைமையை வேறு யாரோடும் சேர்க்க முடியாது. தபாலில் குண்டு அனுப்பி 17 ஆண்டுகளில் மூன்று பேரைக் கொன்று, இருபதுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்திய யுனபாம்பர் யார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பரிசு பத்து லட்சம் டாலர். குண்டு வைத்தவன் அனுப்பிய நீண்ட கட்டுரை 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் வெளியானது. டேவிட்டின் மனைவிக்குத்தான் முதலில் சந்தேகம்: இது உங்கள் அண்ணன் எழுதுவதுபோல இல்லையா? பழைய கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வழக்கறிஞர் மூலம் எஃப்.பி.ஐ.க்குச் சொன்னார் டேவிட். தம் பெயர் வெளிவரக் கூடாது என்பது அவர் வேண்டுகோள். 1996 ஏப்ரலில் அண்ணன் டெட் மொன்டானா மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் கைதானதும் பெயர் வெளியே கசிந்துவிட்டது. அரசுத் தரப்பு மரண தண்டனையும் கேட்டது. அண்ணனை விற்றவன் என்றவர்களும் இருந்தார்கள், இத்தனை உயிர்களைக் காப்பாற்றினாரே என்றவர்களும் இருந்தார்கள். 1998-ல் டெட்டுக்கு ஆயுள் தண்டனை ஆனது. அதே ஆண்டு பரிசும் வந்தது. வழக்குச் செலவும் வரியும் போக மீதியைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கே சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார் டேவிட்.

பெயர் கசியும் பயம்தான் இந்த முறையின் உண்மையான ஓட்டை. பணம் வாங்க வேண்டுமானால் நீங்கள் யார் என்று யாருக்காவது தெரிய வேண்டும். பத்திரமாக இருக்க வேண்டுமானால் யாருக்கும் தெரியக் கூடாது. கிரைம் ஸ்டாப்பர்ஸ் இதற்காகவே பிறந்தது. 1976-ல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த கல்லூரி மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். துப்பே கிடைக்கவில்லை. கிரெக் மக்அலீஸ் என்ற துப்பறிவாளர், கொலை நடந்த விதத்தை நடித்துக் காட்டித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் செய்து, பெயர் சொல்லாமலே தகவல் தரலாம், பரிசும் உண்டு என்று அறிவித்தார். துப்பு வந்தது. இன்று பல நாடுகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. எண்ணைச் சொன்னால் குறிப்பிட்ட வங்கியில் ரொக்கமாகவே கொடுத்துவிடும் ஊர்களும் உண்டு. அப்படியும் வாங்க வராதவர்கள் ஏராளம். துப்புச் சொல்லிவிட்டு, பரிசுக்குத் திரும்ப அழைக்காமலே மறைந்துவிடுவார்கள். பணத்துக்காகத்தான் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று சத்தம் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தொகையைக் கூட்டினால் துப்பு கூடுமா என்றும் கேட்கலாம். பல்ஜருக்கான பரிசை 2008 செப்டம்பரில், அவருடைய 79-வது பிறந்த நாளன்று, இரட்டிப்பாக்கி 20 லட்சம் ஆக்கினார்கள். மூன்று ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. 2011 ஜூனில் தாதாவை விட்டுவிட்டு அவர் துணைவி கேத்தரின் கிரெய்கை முன்னிறுத்தி, பெண்கள் அதிகம் பார்க்கும் பகல் நேர நிகழ்ச்சிகளுக்கு இடையே முப்பது வினாடி விளம்பரம் போட்டார்கள். அழகு நிலையத்துக்குப் போவார், பல்லை அடிக்கடி சுத்தம் செய்துகொள்வார் என்பது போன்ற விவரங்கள் அதில். இரண்டு நாளில் ஆள் பிடிபட்டார். பெரிய தொகை செய்தித்தாளில் தலைப்பு வாங்கித் தரும். அடையாளம் காட்டுவது பூனையும் பல் டாக்டரும் மாதிரி விவரங்கள்தான்.

அமெரிக்காவில் உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ இருந்து, அப்படி ஒருவரைக் கண்ணெதிரே பார்க்க நேர்ந்தால், பரிசு கைநழுவும் என்று 911-ஐத் தவிர்க்க வேண்டாம். ஆயுதத்தோடு இருக்கக்கூடிய ஆள் என்றால் அதுதான் சரியான எண். போலீஸ் வந்து சேர்ந்த பிறகு, அறிவிப்பில் கொடுத்திருக்கும் துப்பு எண்ணையும் அழைத்து, தகவலை மறுபடி சொல்லி, அவர்கள் தரும் அடையாள எண்ணை எழுதி வைத்துக்கொள்ளட்டும். அழைத்த நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. டோர்னர் வழக்கில் ஒருவருக்குப் பங்கு இல்லாமல் போனதற்கு, போலீசுக்கு யார் முந்திச் சொன்னார்கள் என்பதுதான் காரணம்.